குப்புசாமி என்னும் பெயர்

சென்ற மாதம் நடந்த சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, என் பெயர் வந்ததும் பின்வரிசையில் மெல்லிய சிரிப்பொன்று எழுந்தது. சிரித்தவர்கள் அனைவரும் என் நண்பர்களே. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய சிரிப்பு அது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது நம் இதழாசிரியர் என்னிடம் வந்து, "உங்கள் பெயரைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதுங்களேன்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரோ, உண்மையாகவே கேட்டாரோ, நான் எழுதிவிட்டேன்.

குப்புசாமி என்றதும் நம்மவர் மனத்தில் எழும் உருவம் எது? தமிழ்ப் படங்களில் இப்பெயர் பெரும்பாலும் சமையற்காரருக்கோ, கதாநாயகனிடம் அறை வாங்கும் ஆளுக்கோதான் கிடைக்கும். பேச்சு வழக்கில் 'குப்பனும் சுப்பனும்' என்றால் ஊர் பேர் தெரியாத சாமானியர் என்று பொருள். விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் கன்னட நண்பருக்கு வேறொரு வேடிக்கை கிடைத்தது: கன்னடத்தில் 'குப்பஸ' என்றால் பெண்கள் அணியும் ரவிக்கை. ஈரோட்டிலிருந்து கிளம்பிய குப்பண்ணா உணவகத்தின் புகழ் வந்த பிறகோ, என் பெயரைக் கேட்டதும் ஆட்டிறைச்சிக் குழம்பை நினைத்து நாவில் நீர் ஊறுகிறது என்று சொல்வோரும் உண்டு. இவர்களை மட்டும் நான் மனமார மன்னிக்கிறேன்.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் பெயரை மாற்றிக்கொள்ள முடிவு செய்தேன். முத்திரைத்தாளும் வாங்கிவிட்டேன். இளங்குமரன் என்று வைத்துக்கொள்வதாக இருந்தேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பம் எழுதும் காலம் நெருங்கிவிட்டது. குப்பையைத் தலையில் சுமந்துகொண்டு ஏன் போகவேண்டும் என்று தோன்றிற்று. அந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் பெயரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமே என்று தொடங்கியதன் விளைவுதான் இக்கட்டுரை.

இப்பெயர் என் பாட்டனாருடையது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன். அதுவே 'பேரன்' ஆயிற்று என்பதை யாவரும் அறிவோம். ஆனால் இவ்வழக்கத்தால் வீட்டில் விளையும் ஒரு சங்கடத்தை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே என் தாயார் என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பள்ளியில் சேர்க்க என்னை அழைத்துச் சென்ற நாளில், "மகு ஹெசரேனு?" என்று ஆசிரியை கேட்டார். அம்மா என் பக்கம் குனிந்து, "நீயே சொல்லுடா ராசா" என்றார். அந்த ஆசிரியை எங்களை விசித்திரமாகப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. சில நாள் என்னைப் பள்ளியில் 'ராஜா' என்றே அழைத்தார்கள். அது நீடித்திருக்கலாம்!

பாட்டனார் பிறந்தது ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். பிழைப்புத் தேடிக் கோலார் தங்க வயலுக்கு வந்து, சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் எங்கள் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், "நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை" என்பார். விளையாட்டாகக் குழந்தைகளைச் சீண்டுவதற்கு நம்மவர் இன்றும் இத்தொடரைச் சொல்வதுண்டு. அவர் வாழ்க்கையில் அது விளையாட்டன்று.

அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் இறந்துவிட்டன. நான்காவதாக இவர் பிறந்தவுடன், குழந்தையை ஒரு முறத்தில் இட்டுக் கொல்லைப்புறக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். சிறிது நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மையார் தற்செயலாகக் கண்டெடுத்தவர்போல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெற்ற தாய் ஒரு படித் தவிடு கொடுத்து, அவரிடமிருந்து அக்குழந்தையை விலைக்கு வாங்கியிருக்கிறார். குப்பையில் கிடந்ததால் குப்புசாமி. இதன் உட்பொருள் வெளிப்படை. ஆசையோடு வளர்க்கும் பிள்ளையைத்தானே எமன் தேடி வருகிறான்? இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, வீசி எறிந்த பிள்ளை, தவிட்டு விலை பெறும் பிள்ளை என்று அவனை ஏமாற்றிவிட்டால் திரும்பிப் போய்விடுவான் அன்றோ!

குப்பன், குப்பம்மாள், குப்பாயி எல்லாம் இவ்வகைப் பெயர்களே. பிச்சை, பிச்சையம்மாள், பிச்சைமுத்து என்பவை இவற்றின் உடன்பிறப்புக்கள். தெய்வம் இட்ட பிச்சையாக வந்த பிள்ளை என்று பொருள். 2015 முதல் கூகிள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகிப்பவரின் பெயரில் அந்தப் பிச்சை உலகெங்கும் உச்சரிக்கப்படுகிறது. அதைக் கேட்டு யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் பிச்சை பிச்சையாகத் தெரிவதில்லை போலும்.

இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதென்று நான் எண்ணியிருந்தேன். ரவிக்கை வேடிக்கை செய்தாரே, அதே அறை நண்பர்தான் அந்த எண்ணத்தைத் திருத்தினார். அவர் சித்திரதுர்க்கா மாவட்டத்துக்காரர். நான் ஒருநாள் இரவு இக்கதையைச் சொன்னபோது அவர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "எங்கள் தாத்தா பெயர் திப்பேசுவாமி" என்றார். கன்னடத்தில் 'திப்பெ' என்றாலும் குப்பைமேடுதான்! அம்மாவட்டத்து நாயகனஹட்டியில் திப்பேருத்திரசுவாமி என்னும் மகானின் கோயில் இருக்கிறது. அவரிடம் கொண்ட பக்தியால் அப்பகுதியில் திப்பேசுவாமி, திப்பய்யா, திப்பம்மா என்று பெயரிடுவது பெருவழக்கு. அன்றிரவு முதல் ரவிக்கை வேடிக்கை நின்றுவிட்டது. காவிரி நீரைப் பற்றி எங்களுக்குள் உடன்பாடு இல்லை. குப்பைமேட்டில் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது.

தெலுங்கில் 'பெண்ட' என்றால் சாணக் குப்பை. பெண்டய்யா அங்கே பழைய பெயர். மராத்தியில் கச்ரு என்றால் குப்பை. தக்டு, தோண்டு என்பன கல்லைக் குறிப்பவை. பெண் கல்விக்கு வாழ்நாளை ஈந்து, 1958இல் தம் நூறாம் வயதில் பாரத ரத்னா பெற்ற தோண்டோ கேசவ கார்வேயின் பெயரில் உள்ள தோண்டோ அந்தக் கல்தான். வங்கத்துத் தீன்கொடி என்பவர் மூன்று சோழிக்கு வாங்கப்பட்டவர். நம் பக்கத்தில் தவிடு, அங்கே சோழி, வாணிகம் ஒன்றே.

இந்தியாவைத் தாண்டினாலும் குப்பைமேடு நம்மைத் தொடர்ந்தே வருகிறது. ரோமர் ஆட்சிக்கால எகிப்தில் கிடைத்த கிரேக்க ஏடுகளில் கொப்ரெயுஸ் என்னும் பெயர் பலருக்கு இருக்கக் காண்கிறோம். கொப்ரோஸ் என்றால் கிரேக்க மொழியில் சாணம். இவர்கள் உண்மையிலேயே குப்பையிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்களா, கண்ணேறு படாமலிருக்க அவ்வாறு பெயரிடப்பட்டவர்களா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எங்கள் பாட்டனாரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை சொல்லியிருப்பார்.

இன்னும் வியப்பானது ஜப்பானியச் செய்தி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த தொயோதோமி ஹிதேயோஷிக்கு நெடுங்காலம் ஆண் வாரிசு தங்கவில்லை. 1589இல் பிறந்த மகனுக்கு அவர் இட்ட குழந்தைப் பெயர் 'சுதே'. எறியப்பட்டவன் என்று பொருள். அக்குழந்தை 1591இல் இறந்துவிட்டது. 1593இல் மற்றொரு மகன் பிறந்தபோது 'ஹிரோய்' என்று பெயரிட்டார். கண்டெடுக்கப்பட்டவன் என்று பொருள். கோட்டைகளும் படைகளும் உடைய பேரரசன், ஆம்பூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண் செய்ததையே செய்திருக்கிறான்.

இனி விஞ்ஞான மாணவனாகிய நான் என் பங்குக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். இந்த முறை 'பலித்தது' என்று ஊரார் நம்பினார்களே, ஏன்? ஒரு காலத்தில் மூன்றில் ஒரு குழந்தை சிறு வயதிலேயே இறந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தாயின் முதல் மூன்று குழந்தைகளும் இறப்பதற்கான வாய்ப்பு இருபத்தேழில் ஒன்று. மூன்று குழந்தை பெற்ற தாய்மார் இருநூற்றெழுபது பேர் உள்ள ஒரு வட்டாரத்தில் பத்து வீடுகளில் இத்துயரம் நேர்ந்திருக்கும். பத்து வீட்டிலும் நான்காவது குழந்தையைக் குப்பைமேட்டில் வைத்தார்கள் என்க. குப்பைமேட்டுக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், மூன்றில் இரண்டு என்னும் அதே கணக்கின்படி ஆறு அல்லது ஏழு குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். அந்த ஏழு குப்புசாமிகளும் எழுபது வயது வரை ஊரில் நடமாடி, குப்பைமேட்டுக்குச் சாட்சி சொல்வார்கள். இறந்துபோன மூன்று குப்புசாமிகள் சாட்சி சொல்ல வருவதில்லை. அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நாம் சந்திக்கும் குப்புசாமி ஒவ்வொருவரும் பிழைத்தவர் என்பதால், இப்பெயர் பிழைக்க வைக்கும் பெயர் என்னும் நம்பிக்கை தானாகவே வேரூன்றிவிடும்.

கணக்கு இவ்வளவு எளிதன்று என்று புள்ளியியல் பயிலும் நண்பர்கள் இடைமறிப்பார்கள். மெய்தான். ஒரே வீட்டுக் குழந்தைகளின் சாவு நாணயம் சுண்டுவதுபோல் ஒன்றுக்கொன்று தொடர்பற்றதன்று. ஒரே கிணற்று நீர், ஒரே மருத்துவச்சி, ஒரே அரிவாள். தனுர்வாயு என்று பாட்டிமார் சொன்னார்களே, அந்த டெட்டனஸ் நோயின் நுண்ணுயிர் மண்ணிலும் சாணத்திலும் விதைபோல் உறங்கிக் கிடப்பது. தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தால் அதன் வழியே குழந்தையின் உடலில் புகுந்துவிடும். பிறந்த ஏழெட்டு நாளில் குழந்தை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து இறக்கும். அப்படிப்பட்ட காலத்தில், கொப்பூழ்ப் புண் ஆறாத சிசுவை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? குப்பைமேட்டில்! எமனை ஏமாற்றுவதற்காக அவன் வாசலிலேயே கொண்டுபோய்க் கிடத்தியிருக்கிறார்கள். நடுவே ஒரு முறம் இருந்தது நல்லதாயிற்று.

குருதிவகைப் பொருத்தமின்மையாலும் ஒரே தாய்க்குக் குழந்தைகள் அடுத்தடுத்து இறப்பதுண்டு. ஆர்.எச். காரணி இல்லாத தாய்க்கு அக்காரணி உள்ள முதற்குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். பின்னர்ப் பிறப்பவைதாம் பாதிக்கப்படும். தந்தையிடமிருந்து அக்காரணியைப் பெறாத குழந்தை இடையில் ஒன்று பிறந்தால் அது மட்டும் தப்பிவிடும். ஊரார் கண்ணுக்கு இத்தகைய தப்புதல் தெய்வச் செயலாகத் தோன்றுவதில் வியப்பென்ன? இதைத் தடுக்கும் ஊசிமருந்து 1968இல்தான் புழக்கத்துக்கு வந்தது. பிரசவ காலத் தாய்சேய் டெட்டனஸ் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

1971இல் இந்நாட்டில் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020இல் அத்தொகை 28ஆகக் குறைந்தது; கர்நாடகத்தில் 19, தமிழ்நாட்டில் 13. புதிய குப்புசாமிகள் ஏன் பிறப்பதில்லை என்பதற்கு நாகரிகம், நாணம் என்று பல காரணம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் தடுப்பூசியைத்தான் முதற் காரணமாகச் சொல்வேன்.

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுடைய நண்பர்களுக்கு ஒரு செய்தி. குப்பை என்பது பழந்தமிழில் இழிசொல்லன்று. குவியல் என்றே பொருள்பட்டது. சங்க நூல்களில் நெல்லும் உப்பும் குப்பையாகக் கிடக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் உண்டு. தெலுங்கில் 'குப்ப' என்றால் இன்றும் குவியல்தான். குடிசைகள் சேர்ந்திருக்கும் சிற்றூரைக் குப்பம் என்பதும் இந்த வேரிலிருந்து வந்ததே. பெங்களூரிலிருந்து தங்க வயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை மாரிக்குப்பம் நிலையத்தில் முடிகிறது. என் பாட்டனார் வாழ்நாள் முழுவதும் குப்பம் என்னும் ஊர்ப்பெயரையும் குப்பு என்னும் தம் பெயரையும் ஒருங்கே சுமந்து ரயிலேறினார். யாரும் மாரிக்குப்பத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சாமிக்கு வருவோம். ஆண்டைகள் பண்ணையாளைக் 'குப்பா' என்றுதான் அழைத்தார்கள். சாமியைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். வெளுத்த வேட்டிக்காரருக்குக் குப்புசாமி, உழைப்பவனுக்குக் குப்பன் என்று ஒரே குப்பையைச் சாதி இரண்டாகப் பங்கிட்டு வைத்திருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராய் இருந்தவர் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார். அவர் பெயரால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. கோவையில் 1910இல் லட்சுமி ஆலையை நிறுவியவர் குப்புசாமி நாயுடு. மேடைதோறும் நாட்டுப்பாடலைக் கொண்டுசென்ற புஷ்பவனம் குப்புசாமியை அறியாதார் இல்லை. இவர்கள் யாரையும் யாரும் 'குப்பா' என்று அழைத்திருக்கமாட்டார்கள்.

கடல் கடந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1860 முதல் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குச் சென்றார்கள். அவர்களுள் பலருடைய பெயர் சாமி என்று முடிந்ததால், வெள்ளையர் இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று இகழ்ச்சியாக அழைக்கத் தொடங்கினர். சாமி என்றால் தலைவன் என்று பொருள் என்பதை அறியாமலே அப்படி அழைக்கிறார்கள் என்று காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஊரில் குப்பு இழிவு, சாமி உயர்வு. நேட்டாலில் சாமியே இழிவு. இங்கே பெங்களூரிலோ, ஆட்டோ ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை 'ஏனு சுவாமி' என்று மரியாதையாக விளிக்கிறார்கள். ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் என் பெயரின் முற்பகுதியை மறந்துவிட்டு 'சுவாமி, சுவாமி' என்றே என்னை அழைக்கிறார். நான் திருத்தவில்லை.

இளங்குமரன் ஆக விரும்பியபோது தனித்தமிழ்ப் பற்றும் எனக்கு ஒரு காரணமாக இருந்தது. இராமையா அன்பழகன் ஆகவில்லையா, நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகவில்லையா? ஆனால் அந்த அளவுகோலை என் பெயர்மீது வைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. குப்பு கலப்பற்ற தமிழ். சாமிதான் வடசொல்லின் திரிபு. தூய்மைப்படுத்தினால் தெய்வம் வெளியேறிவிடும், குப்பை எஞ்சும்!

பொதுச் சுகாதாரம் பயிலும் நண்பர்கள் என் பெயரைக் கேட்டால் சிரிப்பதில்லை, "அளவுகோலா?" என்கிறார்கள். உளவியல் பேராசிரியர் பி. குப்புசாமி 1976இல் வகுத்த சமூகப் பொருளாதார அளவுகோலைச் சொல்கிறார்கள். குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்பத்தின் மாத வருமானம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 3 முதல் 29 வரை வருவதைக்கொண்டு குடும்பங்களை ஐந்து வகுப்பாகப் பிரிப்பது அம்முறை. விலைவாசி ஏற ஏற வருமானப் பகுதியை மட்டும் திருத்திக்கொண்டு நம் மருத்துவக் கல்லூரிகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. யார் மேல், யார் கீழ் என்று இந்நாட்டு நகர மக்களை அளக்கும் கோலுக்குக் குப்பைமேட்டுப் பெயர் அமைந்திருக்கிறது. என் பாட்டனார் குடும்பத்தை அக்கோலால் அளந்து பார்த்தேன். கடைசிக்கு முந்திய வகுப்பு.

இக்கட்டுரையின் முதற்படியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தையைக் குப்பைமேட்டில் வைத்த இடம் வந்ததும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார். "அந்த மூணு பிள்ளைங்களுக்கும் பேரு வெச்சிருந்தாங்களாடா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டனாரிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொள்ளுப்பாட்டி அந்த மூன்று பெயர்களையும் யாரிடமும் சொன்னதில்லை என்று பெரிய அத்தை மறுநாள் தொலைபேசியில் சொன்னார். குப்புசாமி என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மையாருக்கு அம்மூவரும் நினைவுக்கு வந்திருக்கமாட்டார்களா? இதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

முத்திரைத்தாள் வீணாகவில்லை. என் மதிப்பெண் பட்டியலில் 'குப்புஸ்வாமி' என்றும் ஆதார் அட்டையில் 'குப்புசாமி' என்றும் இருப்பதால் கடவுச்சீட்டு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதுவதற்கு அத்தாள் பயன்பட்டது. இனி எல்லா ஏடுகளிலும் குப்புசாமிதான்; பாட்டனாரின் சுரங்கச் சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.